ஆர்சி புத்தகத்தில் ‘வில்லிஸ் 1945’: உதிரிபாகங்களை எந்த வண்டிக்கென்று வாங்குவது?

நீலகிரி_ஜீப்:

அனைவருக்கும் வணக்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் ஓடி, பின்னர் கொட்டகையில் நின்றுவிட்ட ராணுவ ஜீப் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் ‘வில்லிஸ், 1945’ என்று பதிவாகியுள்ளது. போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்ட வண்டி என்பதற்கு மேல் அதன் முன்கதை எவருக்கும் தெரியவில்லை.

இன்ஜின் ஓடுகிறது. இன்ஜின் இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. கழற்றிப் பார்த்ததில் அதனுள் பற்சக்கரம் உருளும் தண்டான இன்டர்மீடியட் ஷாஃப்ட் பள்ளம் விழும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. பிரேக் சிலிண்டர்கள் கசிகின்றன. பின் அச்சில் எண்ணெய் ஒழுகுகிறது. முன்சக்கர ஓட்டத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள், வண்டி இறுகிக்கொள்ளும் என்று தோட்டத்தின் பழைய ஓட்டுநர் எச்சரித்தார். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

இணையத்தில் தேடினால் அமெரிக்கா, பிரான்ஸ், பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டு விற்பனையாளர்கள் ‘வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டுக்கும் பொருந்தும்’ என்று, ஒரே போர்க்கால ஜீப்பை இரு நிறுவனங்கள் தயாரித்த அந்த இரு வடிவங்களையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விலையோ ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

லேத்_கோவை:

ஐயா, இப்போதைக்கு எதற்கும் பணம் கட்டாதீர்கள். இத்தனை ஆண்டுகள் நம் நாட்டில் ஓடிய ஜீப் எதுவும் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருப்பதில்லை. மஹிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியதிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த அச்சுகளும் கியர்பாக்ஸ்களும் எளிதில் கிடைத்தமையால், உடைந்ததைக் கழற்றிவிட்டுக் கிடைத்ததைப் பூட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆகவே ‘இது என்ன வண்டி’ என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலும் உங்கள் வேலை முடியாது. சேஸ் (அடிச்சட்டம்) எது, இன்ஜின் எது, டிரான்ஸ்ஃபர் கேஸ் எது, முன் அச்சு எது, பின் அச்சு எது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். உதிரிபாகம் வாங்குவது அந்தந்த அங்கத்துக்கே தவிர ஆர்சி புத்தகத்துக்கு அல்ல.

முதலில் சேஸைப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே, இரு சட்டங்களையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் எம்பி. கவிழ்த்து வைத்த ‘ப’ வடிவப் பெட்டிச் சட்டமாக இருந்தால் ஃபோர்டு ஜிபிடபிள்யூ. இந்த ஒன்றை மாற்றிப் பூட்டுவது எளிதல்ல என்பதால் இதையே நான் நம்புவேன். எம்பியில் சேஸ் எண், இடப்பக்கச் சட்டத்தின் முன்நுனியில், பம்பருக்குப் பின்னால், உட்புறமாக அறைந்த சிறு தகட்டில் இருக்கும். ஜிபிடபிள்யூவில் இடப்பக்கச் சட்டத்தின் மேல் முகத்தில், இன்ஜின் தாங்கிக்கு அருகே, இரும்பிலேயே குத்தியிருப்பார்கள். பல பூச்சுப் பெயின்டுக்கு அடியில் அது மறைந்திருக்கும்; கிரைண்டர் வைக்காமல் பெயின்ட் நீக்கும் திரவத்தையும் பித்தளைத் தூரிகையையும் கொண்டு தேய்த்துப் பாருங்கள். கிரைண்டர் பட்டால் எண்ணும் போகும், நாளை ஆர்டிஓ அலுவலகத்தில் உங்கள் மதிப்பும் போகும்.

கிரில்லை வைத்து எம்பியா ஜிபிடபிள்யூவா என்று முடிவு செய்ய முடியாது, ஏனெனில் ஒன்பது துளை கொண்ட தகட்டுக் கிரில் இரண்டுக்கும் பொது. ஏழு துளை இருந்தால் மட்டும் அது போருக்குப் பிந்தைய சிஜே என்ற சிவில் ஜீப் வகையிலிருந்து வந்த முகப்பு என்று கொள்ளலாம். உடற்கூடும் உதவாது, 1944 தொடக்கத்திலிருந்து இரு நிறுவனங்களும் ஒரே பொது உடற்கூட்டையே பயன்படுத்தின. முகப்புப் பெட்டிக் கதவில் உள்ள பெயர்த் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில்லாத புதுத் தகடுகள் எல்லா ஊரிலும் விலைக்குக் கிடைக்கின்றன.

அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ். ஸ்பைசர் 18 என்ற அந்தப் பெட்டி பல ஆண்டுகள் தயாரானதால் இன்டர்மீடியட் ஷாஃப்டின் விட்டம் இரண்டு முறை மாறியது. போர்க்கால வண்டியில் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர், போருக்குப் பின் 1 1/8 அங்குலம், ஏறத்தாழ 28.6 மில்லிமீட்டர், பிற்காலத்தில் 1 1/4 அங்குலம், 31.75 மில்லிமீட்டர். கியர் உருளும் நடுப்பகுதியில் வெர்னியர் அளவுகோலை வைக்காதீர்கள், அங்கே தேய்மானம் உங்களை ஏமாற்றும். பெட்டியின் சுவருக்குள் உட்காரும் நுனியில் அளக்க வேண்டும்.

இவற்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பின் அச்சின் சக்கர மையத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.

ஆவணப்பெட்டி:

லேத்_கோவை சொன்னவற்றோடு எண்களைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். நான் இங்கிலாந்தில் வசிப்பதால் கையேடுகள் எனக்கு எளிதில் கிடைக்கின்றன.

அமெரிக்க ராணுவம் இந்த ஜீப்புக்கு வழங்கிய வழங்கல் பட்டியல் எண் ஜி-503. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் வில்லிஸ் எண், ஃபோர்டு எண் இரண்டும் அருகருகே உள்ளன. இரண்டுக்கும் ஒரே வரியில் எண் கொடுத்திருந்தால் பாகம் மாற்றத்தக்கது என்று பொருள், தனித்தனி வரியில் இருந்தால் அல்ல. விற்பனையாளர் எழுதும் ‘இரண்டுக்கும் பொருந்தும்’ என்ற வாசகத்தைச் சரிபார்க்க இதைவிட நேரான வழி இல்லை. இயக்கமும் பராமரிப்பும் டிஎம் 9-803 கையேட்டில் உள்ளன. இன்ஜின் பிரித்துப் பூட்டுவது டிஎம் 9-1803ஏ-யிலும், கியர்பாக்ஸ், அச்சு, சேஸ் ஆகியவை 9-1803பி-யிலும் உள்ளன. மூன்றையும் இணையத்தில் வருடி வைத்திருக்கிறார்கள்.

இரு நிறுவனங்களின் எண் முறையும் வேறு வேறு மனப்பான்மை கொண்டவை. ஃபோர்டு எண்ணில் முன்னொட்டு, நடு எண், பின்னொட்டு என்று மூன்று பகுதி உண்டு. முன்னொட்டு அந்தப் பாகம் முதலில் எந்த வண்டிக்கு வரையப்பட்டது என்பதைக் காட்டும். நடு எண் வேலையைக் காட்டும். 1000 வரிசை சக்கரம், 2000 பிரேக், 3000 முன் அச்சும் ஸ்டீயரிங்கும், 4000 பின் அச்சு, 5000 சேஸ், 6000 இன்ஜின், 7000 கியர்பாக்ஸ். எனவே ‘ஜிபிடபிள்யூ-6015’ என்று வார்ப்பில் கண்டால் அது இன்ஜின் பிளாக் என்பது பட்டியலைத் திறக்காமலேயே விளங்கிவிடும். வில்லிஸ் எண்கள் வரைபடம் போட்ட வரிசையில் வந்தவை என்பதால் அவற்றிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. 

ஒரு எச்சரிக்கை. வார்ப்பில் புடைத்திருக்கும் எண் பெரும்பாலும் வார்ப்பின் எண்ணே ஒழிய முடிக்கப்பட்ட பாகத்தின் எண் அல்ல. ஒரே வார்ப்பைக் கடைந்து வெவ்வேறு துளைகளோடு இரண்டு பாகங்கள் செய்திருக்கக் கூடும்.

புதுப்பேட்டை_வாசி:

சென்னைப் புதுப்பேட்டையில் இதற்கு முழுமையான விடை கிடைக்கும் என்று எண்ணி வர வேண்டாம். மஹிந்திராவின் பிற்கால ஜீப்புகளான சிஜே-3பி, எம்எம்540 ஆகியவற்றின் பாகங்கள் தேடினால் அகப்படும். போர்க்கால அமைப்புக்கே உரிய டி-84 கியர்பாக்ஸ் பற்சக்கரங்கள் போன்றவை அரிது. ராணுவம் கழித்துக்கட்டும் வண்டிகளை எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனத்தின் மின்னேலத்தில் வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அங்கே இன்று வருபவை பெரும்பாலும் பிற்கால வண்டிகள், உங்களுக்குப் பயன்படாது.

கடையில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ‘மிலிட்டரி ஜீப்’ என்று வாயைத் திறந்தவுடன் விலை ஏறும், பாகமும் தவறாக வரும். தேய்ந்த பாகத்தையே எடுத்துப் போய் மேசையில் வையுங்கள்.

நீலகிரி_ஜீப்:

மூவருக்கும் நன்றி. பார்த்தவற்றைச் சொல்கிறேன். முன் குறுக்குச் சட்டம் ‘ப’ வடிவில் இருக்கிறது. இடச் சட்டத்தின் மேல் முகத்தில் பெயின்டுக்கு அடியில் ஜிபிடபிள்யூ என்ற எழுத்துகளும் எண்ணும் தெளிவாக வந்தன. இன்ஜின் பிளாக்கில் வார்ப்பு எண் 638632. வால்வுகள் எல்லாம் பிளாக்குக்குள்ளேயே உள்ளன, தலைப்பகுதி தட்டையாக இருக்கிறது. கார்புரேட்டர் சோலெக்ஸ். இன்டர்மீடியட் ஷாஃப்ட் நுனியில் 19.0 மில்லிமீட்டர் காட்டுகிறது.

முன் சக்கர மையத்தில் வட்டமாக ஆறு போல்ட்டுகள் உள்ள தொப்பி போன்ற அமைப்பு. பின் சக்கரத்தில் அது இல்லை. நடுவில் ஒரு பெரிய நட்டும் அதற்குக் குறுக்கே ஊசியும் மட்டுமே உள்ளன. பின் அச்சின் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) 44 என்று வார்ப்பில் தெரிகிறது.

லேத்_கோவை:

இப்போது வண்டி பேசத் தொடங்கிவிட்டது. சேஸ் ஃபோர்டு, இன்ஜின் வில்லிஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் போர்க்காலத்தது, பின் அச்சு போருக்குப் பிந்தைய சிவில் ஜீப்பினுடையது. எம்பிக்கும் ஜிபிடபிள்யூவுக்கும் பின் அச்சு முழு மிதவை வகை. அதில் வண்டியின் எடையை ஹவுசிங்கின் மேல் உள்ள மையம் தாங்கும், அச்சுத்தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்யும், முன்பக்கம் போலவே பின்னாலும் ஆறு போல்ட் தெரியும். நடுவில் நட்டு இருப்பது அரை மிதவை. 44 என்ற வார்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் சிஜே-3பி போன்ற வண்டியிலிருந்து வந்தது என்று கொள்ளலாம்.

உங்கள் ஓட்டுநரின் எச்சரிக்கைக்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். போர்க்கால அச்சில் பினியன் என்ற சிறு பற்சக்கரத்துக்கு 8 பல், அது சுற்றும் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்துக்கு 39 பல், விகிதம் 4.88. சிவில் ஜீப்பில் 8-க்கு 43, விகிதம் 5.38. முன்னால் ஒன்று, பின்னால் மற்றொன்று என்று இருந்தால் இரண்டுக்கும் பத்து சதவீதம் வேறுபாடு. இரு சக்கர ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. நான்கு சக்கர ஓட்டத்தில் தார்ச்சாலையில் போட்டால் முன் சக்கரங்கள் ஒரு வேகத்திலும் பின் சக்கரங்கள் வேறு வேகத்திலும் சுழல முயலும்; டயர் வழுக்கினால்தான் அந்த முறுக்கு விடுபடும், வழுக்காவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸே அதைத் தாங்க வேண்டும். உங்கள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் தேய்ந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

அச்சைத் திறக்காமலே சோதிக்கலாம். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அந்த அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். எதிர்ச் சக்கரம் தரையில் நிற்பதால், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியல் பாதியாகக் கணக்கிடும்; ஆகவே ஷாஃப்ட் ஏறத்தாழ 24 1/2 சுற்று வந்தால் 4.88, ஏறத்தாழ 27 வந்தால் 5.38. முன்னும் பின்னும் செய்யுங்கள்.

கண்டி_வீதி:

வணக்கம். நான் இலங்கையில் இருந்து எழுதுகிறேன். 1944-இல் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் கண்டிக்கு வந்த காலத்தில் இறங்கிய ஜீப்புகளின் மிச்சம் இங்கும் மலைநாட்டில் ஓடுகின்றது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் நல்ல சாமான் சிலவேளை அகப்படும், ஆனால் எதையும் அளக்காமல் வாங்க முடியாது.

பிறேக்கைப் பற்றி மட்டும் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். ‘பிரிக்கப்படாத பழைய இருப்பு’ என்று மெழுகுத்தாளும் கிறீசும் பூசி வரும் பெட்டிகளைக் கண்டு மயங்க வேண்டாம். இரும்புச் சாமானுக்கு அந்தப் பொதி நல்லது, றபருக்கு நல்லதல்ல. எண்பது வருடத்து றபர்க் கப்பும் குழாயும் பெட்டிக்குள் இருந்தாலும் இறுகிப் போயிருக்கும், மிதித்த முதல் தடவை பிடித்துவிட்டு இரண்டாம் தடவை கைவிடும். முன் சில்லின் (சக்கரத்தின்) சிலிண்டர் ஒரு அங்குலம், பின்னது முக்கால் அங்குலம் என்பது போர்க்கால அளவு. உங்கள் பின் அச்சு வேறு என்பதால் அங்கே அளந்து பார்த்தே வாங்குங்கள். சிலிண்டர் உடல் நல்லதாக இருந்தால், உள்ளே துருப்பிடிக்காத உருக்கால் ஸ்லீவ் போட்டு, இன்று வார்த்த கப்பைப் போடுவதே பாதுகாப்பு. பழைய பிறேக் லைனிங்கிலும் பழைய காஸ்கெட்டுகளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அதை அரம் கொண்டு தேய்ப்பதோ காற்றடித்து ஊதுவதோ கூடாது.

வேறொரு கருத்தும் உண்டு. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலையிலும்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைக் குத்தியது. சேஸ் ஃபோர்டு என்று தெரிந்த பின், வில்லிஸ் இன்ஜினை எடுத்துவிட்டு முறையான ஜிபிடபிள்யூ இன்ஜினைத் தேடுவதே நீதி என்று நினைக்கின்றேன். ஃபோர்டு வண்டியில் இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் ஒன்றாகவே வந்தன. வில்லிஸில் அப்படி இல்லை. இன்றைக்கு விட்டால் பிறகு எப்போது சேர்ப்பது?

லேத்_கோவை:

கண்டி நண்பரோடு பிரேக்கில் முழு உடன்பாடு, இன்ஜினில் இல்லை. போர்க்களத்துப் பணிமனைகளிலேயே வில்லிஸ் இன்ஜினை ஃபோர்டு சேஸில் பூட்டினார்கள். இரு நிறுவனங்களையும் ஒரே வரைபடத்தில் தயாரிக்க வைத்ததன் நோக்கமே அதுதான். ஓடுகின்ற, வால்வு பிளாக்குக்குள் அமைந்த, போர்க்கால வகை இன்ஜினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுத்துக்காக மட்டும் இன்னொன்றைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே பணத்தில் இரண்டு அச்சுகளையும் சரிசெய்யலாம்.

ஆனால் இன்ஜினுக்கு எதை வாங்கினாலும் முதலில் டைமிங் மூடியைக் கழற்றிச் சங்கிலியா பற்சக்கரமா என்று பாருங்கள். போர்க்கால இன்ஜின்களில் சங்கிலி. பின்னர் பற்சக்கரம் வந்தபோது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கியது. சங்கிலி இன்ஜினுக்குரிய எண்ணெய்ப் பம்பும் மற்றதற்குரியதும் வெளியே பார்க்க உடன்பிறப்புகள், உள்ளே பகைவர்கள். விற்பவர்களில் பாதிப்பேர் இதைக் குறிப்பிடுவதே இல்லை.

ஆவணப்பெட்டி:

‘எஃப்’ குறியைப் பற்றி: அதே எழுத்தோடு புதிய போல்ட்டுகளும் இன்று செய்து விற்கப்படுகின்றன. அழகுக்கு வாங்கலாம், சான்றாகக் கொள்ள முடியாது.

ஐரோப்பியச் சந்தையில் ‘ஜீப் பாகம்’ என்று வருவனவற்றில் கணிசமானவை ஹாட்ச்கிஸ் எம்201 வண்டிக்குரியவை. பிரான்ஸில் 1955 முதல் 1966 வரை உரிமம் பெற்றுத் தயாரான ஜீப் அது. பிரெஞ்சு ராணுவம் பல பத்தாண்டுகள் வைத்திருந்ததால் இருப்பு நிறைய வெளியே வந்தது. இயந்திரப் பாகங்களில் பெரும்பகுதி பொருந்தும், தரமும் நன்று. மின்பாகங்கள் பொருந்தா: அங்கே 24 வோல்ட், உங்கள் வண்டியில் முதலில் இருந்தது 6 வோல்ட்.

முன் அச்சில் இன்னொரு பொறி இருக்கிறது. சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள இணைப்பில் பெண்டிக்ஸ், ரெசெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என்று நான்கு வகைகளும் இந்த ஜீப்புகளில் பூட்டப்பட்டன. இடமும் வலமும் வேறு வகையாக இருந்தாலும் வியப்பில்லை. கழற்றிப் படம் எடுக்காமல் அந்த அச்சுத்தண்டை வாங்காதீர்கள்.

பாகம் வரும் பெட்டியில் நேட்டோ ராணுவ வழங்கல் எண்ணான 13 இலக்க எண் ஒன்றைக் கண்டால் அதைப் படிக்கும் முறை இது. முதல் நான்கு இலக்கம் வகை: 2520 என்றால் கியர்பாக்ஸ் சார்ந்தது, 2530 என்றால் பிரேக், ஸ்டீயரிங், அச்சு, 2920 என்றால் இன்ஜின் மின்பாகம், 3110 என்றால் பேரிங், 5330 என்றால் காஸ்கெட்டும் சீலும். அடுத்த இரண்டு இலக்கம் எண்ணிட்ட நாடு: 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 14 பிரான்ஸ், 72 இந்தியா. கடைசி ஏழும் அந்தப் பொருளுக்கே உரியவை. 1974-க்கு முந்தைய அமெரிக்கப் பெட்டிகளில் 11 இலக்கமே இருக்கும். நடுவில் 00 சேர்த்தால் புதிய எண் கிடைத்துவிடும். போர்க்காலப் பெட்டியில் இந்த முறையே இல்லை. ஆனால் பிற்கால எம்38 ஜீப்போடு பொதுவான பாகங்களுக்கு அந்த எண் உண்டு, அதைக் கொண்டு தேடினால் ‘ஜீப்’ என்ற சொல்லே இல்லாத கடைகளிலும் பாகம் அகப்படும்.

புதுப்பேட்டை_வாசி:

பேரிங்குக்கு வெளிநாடு போகவே வேண்டாம். முன் சக்கர பேரிங் டிம்கன் 18590, அதன் கப் 18520, உள்விட்டம் 41.275, வெளிவிட்டம் 73.025 மில்லிமீட்டர். ஸ்டீயரிங் முட்டியின் கிங்பின் பேரிங் 11590, கப் 11520. எந்த நல்ல பேரிங் கடையிலும் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். அதையே ‘ராணுவ ஜீப் பேரிங் செட்’ என்று பெட்டியில் போட்டு இணையத்தில் விற்கும் விலையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

டயர் 6.00-16. அதே அளவில் டிராக்டர் முன்சக்கர டயரும் வரும். அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது சாலை வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

நீலகிரி_ஜீப்:

சுற்றி எண்ணிப் பார்த்தேன். முன் அச்சு 24 1/2 சுற்று, பின் அச்சு 27-க்குச் சற்றே குறைவு. லேத்_கோவை அவர்கள் சொன்னபடியே இரு விகிதங்களும் வேறு. டைமிங் சங்கிலிதான் இருக்கிறது.

இனி இரண்டு வழிகள் என்று புரிகிறது. முழு மிதவைப் பின் அச்சு ஒன்றைத் தேடிப் பிடிப்பது, அல்லது முன் அச்சின் பற்சக்கரங்களை 43-க்கு 8 ஆக மாற்றிப் பின் அச்சுக்கு ஈடாக்குவது. எதைச் செய்யலாம்? வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத்தில் சிக்கல் வருமா?

லேத்_கோவை:

மலைச்சாலையில் ஓட்டுவதாக இருந்தால் இரண்டாவது வழி. சிஜே-3பியின் முன் அச்சும் அதே ஸ்பைசர் 25 குடும்பம்தான். 43-8 கிரவுன்-பினியன் ஜோடி இந்தியாவிலேயே கிடைக்கும். 4.88 விகித வண்டியோடு ஒப்பிட்டால் ஒரே வேகத்தில் இன்ஜின் பத்து சதவீதம் கூடுதலாகச் சுற்றும், ஏற்றத்தில் இழுவை கூடும். கிரவுனும் பினியனும் ஒரே ஜோடி எண் குத்தியவையாக இருக்க வேண்டும். பினியன் ஆழத்தை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, பற்களில் நீலம் பூசித் தொடுதடம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள். பழைய பற்சக்கரங்களைத் தூக்கி எறியாமல் எண்ணெய் பூசி வைத்துக்கொள்ளுங்கள்; முழு மிதவை அச்சு என்றாவது கிடைத்தால் தேவைப்படும்.

இன்டர்மீடியட் ஷாஃப்டை நம் ஊரிலேயே செய்யலாம். பதமேற்றக்கூடிய உருக்கில் கடைந்து, மேற்பரப்பைக் கடினப்படுத்தி, பின் கிரைண்டிங் செய்ய வேண்டும். சாதாரண மைல்ட் ஸ்டீலில் கடைந்து கொடுத்தால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஓட்டத்தில் நிற்காது. அதில் உருளும் பற்சக்கரத்தின் உள்துளையையும் பார்த்துவிடுங்கள். தண்டு பள்ளம் விழுந்திருந்தால் துளையும் பழுதாகியிருக்கும்.

ஆவணப்பெட்டி:

சுங்கத்தைப் பொறுத்தவரை, வாகன உதிரிபாகங்கள் பெரும்பாலும் 8708 என்ற தலைப்பின் கீழ் வரும், இன்ஜின் பாகங்கள் 8409, பேரிங் 8482. பயன்படுத்தப்பட்ட பழைய பாகங்களை இந்தியாவுக்குத் தருவிக்க முன் அனுமதி தேவை. பயன்படுத்தப்படாத பழைய இருப்புக்கு அந்தத் தடை இல்லை என்றாலும் விலைப்பட்டியலில் அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எழுபது, எண்பது ஆண்டு பழைய பெட்டியைப் பார்த்து அதிகாரி ‘பழையது’ என்று முடிவு செய்துவிடக் கூடும். ‘மிலிட்டரி’ என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பினால் கேள்விகள் எழும். ‘1940-களின் ஜீப்புக்கான பிரேக் சிலிண்டர்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

கண்டி_வீதி:

இன்ஜின் விடயத்தில் என் கருத்து மாறவில்லை, ஆனால் அவசரமில்லை என்பதை ஏற்கின்றேன். சில்லு நட்டுகளைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடப்பக்கம் இடமரை, அதாவது வலமாகத் திருப்பினால்தான் கழலும். அதை அறியாமல் நீண்ட குழாய் போட்டு நெரித்து ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். உங்கள் பின் அச்சு வேறு என்பதால் அங்கே மரை எப்பக்கம் என்று தனியாகப் பாருங்கள். நெடுங்காலம் ஓடிய வண்டியில் யாராவது விட்வர்த் என்ற பிரிட்டிஷ் மரை போட்டும் வைத்திருப்பார்கள். மரை அளவியை வைத்து 60 பாகையா, விட்வர்த்தின் 55 பாகையா என்று பார்த்த பின்னரே நட்டு வாங்குங்கள்.

நீலகிரி_ஜீப்:

முன் அச்சுக்கு 43-8 ஜோடியைத் தேடுகிறேன். ஷாஃப்டையும் அதில் உருளும் பற்சக்கரத்தையும் கோவைக்கு எடுத்து வருகிறேன். பிரேக் சிலிண்டர்களில் முன்னவை இரண்டும் உடல் நன்றாக உள்ளன, ஸ்லீவ் போடக் கொடுத்துவிட்டேன். பின் அச்சின் எண்ணெய் சீலுக்கு மட்டும் எண் எங்கும் தெரியவில்லை, அழிந்துவிட்டது.

புதுப்பேட்டை_வாசி:

சீலுக்கு எண் தேவையில்லை. அது உட்காரும் துளையின் விட்டம், தண்டின் விட்டம், சீலின் தடிமன் என்று மூன்று அளவையும் எழுதிக் கடையில் கொடுங்கள். தண்டில் சீலின் உதடு தேய்த்த கோடு விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். அந்த இடத்தில் மெல்லிய ஸ்லீவ் ஏற்றிவிட்டு, ஏற்றிய பின் வரும் விட்டத்தைக் கொண்டே சீல் வாங்க வேண்டும்.